ரயில் ஈயத்துக்காக வந்தது, ரப்பர் அப்புறம்தான் ஏறியது

கல்லூரி இடுபணிக்காக, மலேசியாவில் கிள்ளானுக்கு வடக்கே இருக்கும் காப்பாரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "நான் காப்பாரில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கிள்ளான் ரயில் பாதையையும் துறைமுகத்தையும் வெள்ளைக்காரர்கள் ரப்பர் ஏற்றுமதிக்காகத்தானே கட்டினார்கள்? அதைக் கட்டியது முழுக்க நம்ம ஆட்கள்தானா? அப்படி என்றால் காப்பாருக்கு மட்டும் ஏன் ரயில் இல்லை?"

கேள்வி மூன்று. முதலாவதற்கு, இல்லை. இரண்டாவதற்கு, பாதி ஆமாம். மூன்றாவதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நம் பிள்ளைகள் எல்லாருமே இந்தக் கதையை ரப்பர் மரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது இயல்புதான், வீட்டு வாசலில் நின்ற மரம் அது. ஆனால் தண்டவாளம் போட்டபோது கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் என்று ஒன்றும் கிடையாது.

அப்போது இருந்தது ஈயம், அதாவது வெள்ளீயம். கோலாலம்பூரைச் சுற்றி ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்), அவற்றில் சீனத் தொழிலாளர்கள். தோண்டி உருக்கிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுவர இருந்த முக்கிய வழி கிள்ளான் ஆறு. ஆற்றோடு வருவதாவது பரவாயில்லை. எதிர்த்துப் போவதுதான் பெரும்பாடு. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் படகு தள்ளிக்கொண்டு போய்ச் சேர மூன்று நாள் ஆகும். அரிசி, எண்ணெய், இரும்புச் சாமான் எல்லாமே அப்படித்தான் மேலே போகவேண்டும். பாதி தூரம் ஆற்றில் வந்து டாமன்சாராவில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போகும் வழியும் உண்டு. மழை வந்தால் வண்டிச் சக்கரம் சேற்றில் அச்சு வரை இறங்கிவிடும். 1880ல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். அப்புறம் ஈயத்தோடு அரசாங்கமும் அந்த ஆற்றை நம்பி உள்ளே உட்கார வேண்டியதாயிற்று.

1882ல் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் சிலாங்கூர் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக வந்தார். அவர் கணக்கு எளிமையானது. ஈயத்தின் மேல் விதிக்கும் வரிதான் அரசாங்கத்தின் பெரிய வருமானம். ஈயம் சீக்கிரமாகவும் மலிவாகவும் வெளியே போனால் வரியும் கூடும். அதற்கு ரயில். நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) அரசாங்கத்திடம் கடன் வாங்கி வேலையை ஆரம்பித்தார்கள். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை பத்தொன்பதரை மைல் பாதை, 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது. புக்கிட் கூடா என்பது கிள்ளான் நகரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆற்றங்கரையில் இருக்கும் இடம். ஏன் கிள்ளானுக்கே வரவில்லை என்றால், இடையில் ஆறு, பாலம் கிடையாது. நாலு வருஷம் ரயிலிலிருந்து இறங்கிப் படகில் ஏறித்தான் கிள்ளானுக்கும் கப்பலுக்கும் போனார்கள். 1890ல் பாலம் வந்தது. கன்னாட் கோமகன் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் பக்கம் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இதே நேரத்தில் மற்ற மாநிலங்களில் என்ன நடந்தது என்றும் சேர்த்துப் பாருங்கள், படம் தெளிவாகும். மலாயாவின் முதல் ரயில் பேராக்கில். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல் சுமார், 1885 ஜூன் 1ஆம் தேதி. அப்புறம் நம்முடைய கோலாலம்பூர் – கிள்ளான். 1891ல் சிரம்பான் – போர்ட் டிக்சன். 1893ல் தாப்பா ரோடு – தெலுக் ஆன்சன். நாலும் ஒரே வகை: உள்ளே ஈயச் சுரங்கம், வெளியே கடல், நடுவில் ஒரு குட்டைப் பாதை. சீப்பின் பற்கள் மாதிரி எல்லாம் கடலைப் பார்த்து நின்றன, ஒன்றை ஒன்று தொடவில்லை. பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியாகப் போகும் பாதை 1903ல்தான் முடிந்தது. ஊரையும் ஊரையும் இணைக்க வேண்டும், மக்கள் போய்வர வேண்டும் என்பது முதலில் யார் மனத்திலும் இல்லை. சரக்கு கடலுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். இதை இடுபணியில் கட்டாயம் எழுதுங்கள். காலனி ஆட்சி நமக்கு ரயில் கொடுத்தது என்று பெருமை பேசுகிறவர்களுக்கு அந்தப் பழைய வரைபடமே பதில்.

சரி, ரயில் கிள்ளானுக்கு வந்துவிட்டது. துறைமுகம்? அப்போது கிள்ளான் நகரத்திலேயே, ஆற்றங்கரையில், பங்காலான் பத்துவில்தான் கப்பல்களைக் கட்டி நிறுத்தினார்கள். வளைந்து நெளிந்து போகும் ஆறு, அடியில் வண்டல். 13 அடிக்குக் குறைவாகத் தண்ணீருக்குள் அமிழும் கப்பல்கள் மட்டுமே உள்ளே வரலாம். ஆகவே சிலாங்கூர் ஈயம் சின்னக் கப்பலில் ஏறி சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறியது. லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. சிலாங்கூர் அதிகாரிகளுக்கு இது உறுத்தியது.

இங்கே சார்லஸ் எட்வின் ஸ்பூனர் என்ற மனிதர் வருகிறார். 1891ல் சிலாங்கூரின் மாநிலப் பொறியாளராக வந்தார். அதற்கு முன் இலங்கையில் பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்தவர். கோலாலம்பூரில் இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்கிறோமே, அது இவர் காலத்து வேலை, 1897ல் முடிந்தது. பேராக், சிலாங்கூர் ரயில்களை ஒன்றாக்கி 1901ல் மலாய்க் கூட்டு மாநில ரயில்வே உருவானபோது அதன் முதல் பொது மேலாளரும் இவரே. ஒரே ஆள் ரோடு, கட்டடம், ரயில் என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பொதுப்பணி என்றால் அப்படித்தான், தனித்தனித் துறை என்ற பிரிவினை இவ்வளவு கறாராக இல்லை.

ஆற்று முகத்துக்கே போய்விடுவோம் என்பதுதான் முடிவு. கோலக் கிள்ளான். எதிரே கிள்ளான் தீவு, லூமுட் தீவு (இன்றைய புலாவ் இண்டா), கெத்தாம் தீவு எல்லாம் வரிசையாக நிற்பதால் மலாக்கா நீரிணையின் அலை நேராக அடிக்காது. ஆழமும் உண்டு. கிள்ளானிலிருந்து சுமார் ஐந்து மைல் தண்டவாளத்தை நீட்டி 1899ல் ரயிலை அங்கே கொண்டுபோனார்கள். படகுத்துறை, கிடங்கு எல்லாம் கட்டி 1901 செப்டம்பர் 15ஆம் தேதி சுவெட்டன்ஹாமே வந்து திறந்து வைத்தார். அவர் பெயரையே வைத்தார்கள்: போர்ட் சுவெட்டன்ஹாம்.

இரண்டு மாதத்தில் மூட வேண்டியதாகிவிட்டது.

காரணம் மலேரியா. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன். பாடப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கோ துறைமுகக் கதையில் இதுதான் முக்கியமான பகுதி. தண்டவாளமோ படகுத்துறையோ அந்த இடத்தைத் துறைமுகமாக நிலைக்க வைக்கவில்லை. கான்கள்தான் நிலைக்க வைத்தன. தோட்டத்தில் கான் வெட்டு என்று சொல்வோமே, அதே கான், தண்ணீர் வடியும் வாய்க்கால்.

துறைமுகம் கட்டிய இடம் சதுப்பு நிலம். ஒரு பக்கம் பாக்காவ் மரக்காடு (அலையாத்திக் காடு), இன்னொரு பக்கம் தண்ணீர் தேங்கிய காடு. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது பள்ளங்களில் தங்கிவிடும். அதோடு, ரயில் மேடு கட்ட வேண்டுமானால் பக்கத்திலேயே மண் எடுக்க வேண்டும். மண் எடுத்த குழியெல்லாம் குட்டையாகும். ரோட்டு மேடும் ரயில் மேடும் இயற்கையாக வடிந்த தண்ணீரை மறித்து நிற்கும். ஆகப் பொதுப்பணி வேலை கொசுவுக்கும் சேர்த்து வீடு கட்டியது. அந்தக் கொட்டகைகளில் புதிதாக வந்த கூலிகளைக் குடிவைத்தால் என்ன ஆகும்? குமாஸ்தா, கூலி, ரயில்காரர், கப்பல்காரர் என்று எல்லாரும் படுத்துவிட்டார்கள்.

மல்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து டாக்டர் 1901 தொடக்கத்தில்தான் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்ற கண்டுபிடிப்பு அப்போது சூடு ஆறாத செய்தி. ரொனால்டு ராஸ் 1897ல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார், அதற்கு அடுத்த வருஷம் கல்கத்தாவில் அது பரவும் வழியைக் காட்டினார். 1902ல் நோபல் பரிசு. காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பியே மருத்துவம் படித்துவிட்டு வந்த அதிகாரிகள் இன்னும் பலர் இருந்த காலம். அப்படிப்பட்ட நேரத்தில் வாட்சன், கொய்னா மருந்து கொடுப்பது மட்டும் போதாது, தண்ணீரை வடித்தே ஆகவேண்டும் என்று நின்றார். மாநிலத்தின் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். பணம் கொடுத்தது அரசாங்கம்.

செய்த வேலை இதுதான். கிள்ளான் நகரத்தைச் சுற்றியிருந்த சதுப்பைக் கான் வெட்டி வடித்தார்கள், காட்டை வெட்டினார்கள், பள்ளங்களைத் தூர்த்தார்கள். துறைமுகத்தில் அது மட்டும் பற்றாது, ஏனென்றால் கடல் ஏறும்போது நிலம் தண்ணீருக்குக் கீழே போய்விடும். அதனால் சுற்றி மண்கரை எழுப்பினார்கள், உள்ளே கான் வெட்டினார்கள், கான் கடலைச் சந்திக்கும் இடத்தில் கதவு. அந்தக் கதவு வேலை செய்யும் விதத்தைக் காப்பார் பிள்ளைகளுக்கு நான் விளக்கவே வேண்டாம், நம் கரையோரம் முழுக்க அது உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கதவு மேலே மாட்டியிருக்கும், கீழே தொங்கும், வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும். கடல் ஏறினால் வெளித்தண்ணீர் அதை அழுத்தி மூடிவிடும். கடல் இறங்கினால் உள்தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடிவிடும். ஆள் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். நாளுக்கு இரண்டு தடவை கடலே வேலை செய்துவிட்டுப் போகும்.

பலன் என்ன என்று கிள்ளான் ஆஸ்பத்திரிக் கணக்கு சொல்கிறது. 1901ல் கிள்ளான் நகரத்திலிருந்து மலேரியாவோடு வந்து சேர்ந்தவர்கள் 334 பேர். 1905ல் 12 பேர். துறைமுகத்திலிருந்து 1901ல் 188, 1905ல் 11. இந்த எண்கள் அந்தக் காலத்தில் ஊர் உலகமெல்லாம் சுற்றின. ராஸ் சொன்னது உண்மை, அதை ஒரு துறைமுகத்தில் செய்து காட்டலாம் என்பதற்குக் கிள்ளான்தான் முதல் சான்றுகளில் ஒன்று. வாட்சனுக்குப் பிற்பாடு சர் பட்டமும் கிடைத்தது.

ஆனால் அதே கணக்கில் மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நாம் பார்க்க வேண்டும். மாவட்டத்தின் மற்றப் பகுதிகள், அதாவது நகரமும் துறைமுகமும் நீங்கலாக உள்ள தோட்டங்கள், கம்பங்கள் (கிராமங்கள்). 1901ல் 197 பேர், 1905ல் 353 பேர். இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. ரயிலும் கப்பலும் நிற்கும் இடத்தில் கான் வெட்டிக் காய்ச்சலைத் துரத்தினார்கள். அதே நேரத்தில் புதிது புதிதாகக் காடு வெட்டித் தோட்டம் திறந்து, காட்டு ஓரத்திலேயே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கட்டி, கப்பலிலிருந்து இறங்கிய ஆட்களை அதில் வைத்தார்கள். காப்பார், மேரு எல்லாம் அந்த மூன்றாவது வரிக்குள் இருந்த ஊர்கள்.

தோட்டத்துக்கும் அந்தப் பாடம் பின்னால் வந்தது. வாட்சன் சில வருஷங்களில் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களின் மருத்துவராகவே ஆனார். கரையோரச் சமவெளியில் மலேரியா பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடும் வகை. காட்டை வெட்டி, நிலத்தை வடித்து, லயத்தைக் காட்டிலிருந்து அரை மைல் தள்ளி வைத்தாலே அது ஓய்ந்துவிடும். இந்த வெற்றியைப் பார்த்து மேட்டுத் தோட்டங்களிலும் காட்டை வெட்டினார்கள். அங்கே தலைகீழாகிப்போனது. மலைப்பக்கத்துக் கொசு வேறு வகை, வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் அது வளரும். நிழலை எடுத்ததும் பெருகிவிட்டது. அங்கே நிலத்துக்குள் குழாய் பதித்தும், ஓடையில் எண்ணெய் தெளித்தும் வேறு வழி தேட வேண்டியிருந்தது. பழைய தோட்டத்து ஆட்களிடம் கேளுங்கள், முதுகில் தகரம் கட்டிக்கொண்டு கொசு மருந்தெண்ணெய் அடித்துக்கொண்டு போன ஆட்களைச் சொல்வார்கள். அந்த வேலைக்குப் பின்னால் இருந்தது இந்தக் கதை.

இப்போது ரப்பருக்கு வருவோம். துறைமுகத்தைத் திட்டமிட்ட 1890களில் கிள்ளான் பக்கம் தோட்டம் என்றால் காப்பித் தோட்டம், லைபீரியா காப்பி. பிரேசிலில் காப்பி மலைபோல் விளைந்து, அந்தப் பத்தாண்டின் கடைசியில் விலை விழுந்துவிட்டது. தோட்டக்காரர்கள் காப்பிச் செடிக்கு நடுவே ரப்பர்க் கன்று வைத்தார்கள். மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அது தயாராகும் நேரத்தில் உலகத்தில் மோட்டார் கார் வந்துவிட்டது. 1910 ஏப்ரலில் லண்டனில் ரப்பர் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் போனது. அப்போது ரயில் தயார், துறைமுகம் தயார், காய்ச்சலும் அடங்கியிருந்தது. ரப்பருக்குக் கிடைத்தது ஈயம் போட்டுவைத்த பாதை. கிள்ளானைச் சுற்றி இவ்வளவு சீக்கிரம் தோட்டங்கள் முளைத்ததற்கு மண்ணைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். மண் இதே மாதிரி தட்டையாக இருக்கும் கரை பல இடங்களில் உண்டு. பக்கத்தில் ரயிலும் ஆழக்கடல் துறையும் சேர்ந்திருந்த இடம் அதிகம் இல்லை. பெரிய கப்பல் நேராக வந்து ஒட்டும் துறைகள் 1914 வாக்கில் வந்தன. அதற்கு முன்பும் அப்புறமும் நிறையச் சரக்கு தொங்கான்களில் (சரக்குப் படகுகளில்)தான் கரைக்கும் கப்பலுக்கும் இடையே போய்வந்தது.

பனை எண்ணெயும் இந்த வட்டாரத்துச் சரக்குதான் என்பதை மறக்க வேண்டாம். மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்ற இடத்தில் 1917ல் தொடங்கியது. அது தனிக் கதை.

இரண்டாவது கேள்வி: கட்டியது யார்? நம்ம ஆட்கள்தான் என்று மார்தட்டினால் மற்றவர்களுக்கு அநியாயம். தைப்பிங் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற பொதுப்பணித் தொழிலாளர் அணி வந்தது. பெரிய மண்வேலை, காடு வெட்டு, பெரிய கான் எல்லாம் பல இடங்களில் சீனக் காண்டிராக்டர்கள் எடுத்தார்கள், ஜாவாக்காரர்களும் மலாய்க்காரர்களும் செய்தார்கள். கோலாலம்பூர்க் கட்டடங்களுக்குச் செங்கல் சுட்டது சீனச் சூளை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய இருந்தது தண்டவாள வேலையிலும் ரோட்டு வேலையிலும். கல் உடைத்தது, சரளை கொட்டியது, தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றியது, மழையில் மேடு சரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் மண் போட்டது. பாதையை ஒருமுறை போட்டால் போதாது, தினமும் பார்க்க வேண்டும். அந்தக் கேங் வேலை தலைமுறை தலைமுறையாக நம்மவர் கையில் இருந்தது. கட்டியவர்கள் என்பதைவிடக் கட்டிக்காத்தவர்கள் என்று எழுதினால் சரியாக இருக்கும். கட்டியவன் பெயரையாவது கல்லில் வெட்டுவார்கள், காத்தவனுக்கு அதுவும் இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, தந்தி வேலை என்று மேசைப் பக்கம் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள். ஸ்பூனர் மாதிரி இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்த அதிகாரிகளுக்கு அவர்களைப் பழக்கம், அதனால் கூப்பிட்டுக்கொண்டார்கள். செந்தூலில் 1905ல் ரயில்வேயின் மத்தியப் பட்டறை வந்ததும் அங்கே தமிழரும் தெலுங்கரும் குடியேறினார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒரே ரயிலில் ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒருவர் வெள்ளைக் கால்சட்டையோடு கொடி காட்ட, இன்னொருவர் அலவாங்கோடு பாதையோரம் ஒதுங்கி நிற்பார். இருவருக்கும் நடுவில் இருந்த தூரத்தை இன்றைக்கும் சில கல்யாணப் பேச்சுகளில் கேட்கலாம்.

துறைமுகத்துக்கும் நமக்கும் இன்னொரு உறவு உண்டு, நாமே அங்கே சரக்காக இறங்கினோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று கப்பல் வரும். பின்னாளில் இந்த வழியில் போய்வந்த ரஜூலா கப்பலை நம் தாத்தா பாட்டிகள் உறவுக்காரர் மாதிரிப் பேசுவார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களை நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்து பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1907ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று வைத்து, தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, அந்தப் பணத்தில் கப்பல் கட்டணம் கட்டினார்கள். 1910ல் சஞ்சிக்கூலி ஒப்பந்தம் (ஒப்பந்தத்தில் கட்டுண்டு உழைக்கும் முறை) ஒழிந்தது, கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938ல் இந்திய அரசாங்கம் அதையும் நிறுத்தியது. ஆக, தண்டவாளத்தில் ஈயமும் ரப்பரும் ஒரு திசையில் போக, அரிசியும் ஆட்களும் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தார்கள்.

ரோட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொதுப்பணி இலாகா தோட்டத்துக்குத் தோட்டம் நல்ல சடக்கு போட்டது. அதில் சைக்கிளில் போகும் தமிழன், எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941ல் ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் நடத்திய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது ஆகியவற்றோடு இந்தச் சைக்கிள் விஷயமும் கோரிக்கையாக இருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பொதுப்பணி என்ற பெயரில் பொது என்பது யார் என்று கேட்ட வேலைநிறுத்தம் அது. இடுபணியில் இதற்கு ஒரு பத்தி கொடுங்கள்.

அடுத்த வருஷம் ஜனவரி 10ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் சுவெட்டன்ஹாமைப் பிடித்தார்கள், மறுநாள் கோலாலம்பூர். ஜப்பானியர் போட்ட சயாம் – பர்மா ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனதை நீங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். அதில் சிறிய விவரம் ஒன்று: சயாமிலும் பர்மாவிலும் மலாயாவிலும் தண்டவாள அகலம் ஒன்றுதான், ஒரு மீட்டர். அதனால் ஆட்களை மட்டுமில்லாமல் இங்கே பிடுங்கிய தண்டவாளங்களையும் அங்கே கொண்டுபோய் அப்படியே போட முடிந்தது. கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட தூரத்துக்குப் பிடுங்கினார்கள்.

இனிக் காப்பார். கிள்ளானிலிருந்து வடக்கே கோலசிலாங்கூர் நோக்கி ஒரு காலத்தில் கிளைப்பாதை இருந்தது. ஆகவே "ஏன் வரவில்லை" என்பதைவிட "ஏன் நிலைக்கவில்லை" என்று கேட்பது சரி. என் பதில் இது: ஈயம் கனமான சரக்கு, உள்நாட்டில் தூரத்தில் இருந்தது, ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. அதற்கு ரயில்தான் லாயக்கு. காப்பார் பக்கத்து ரப்பரோ பல தோட்டங்களில் சிதறிக் கிடந்தது, துறைமுகமும் கூப்பிடு தூரம். லாரி வந்தபிறகு ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் ரப்பர் ஷீட்டை ஏற்றி நேராகக் கிடங்கிலேயே இறக்கலாம். ஸ்டேஷன் வரை ஒரு வண்டி, அப்புறம் ரயில், மறுபடி இறக்கு கூலி என்று மூன்று தடவை யார் செலவழிப்பார்கள்? ரோடு நன்றாக இருந்த இடத்தில் கிளைப்பாதை தோற்றது. போருக்குப் பிறகு அதை மீண்டும் எழுப்ப யாருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. தைப்பிங் – போர்ட் வெல்ட், நாட்டின் முதல் பாதை, அதுவே இன்று இல்லை. கோலாலம்பூர் – கிள்ளான் பாதை நிலைத்ததற்குக் காரணம் அது மட்டும் வளர்ந்துகொண்டிருந்த துறைமுகத்தில் போய் முடிந்ததுதான்.

அந்தத் துறைமுகத்தை நீண்ட காலம் ரயில்வேயே நடத்தியது என்பது பலருக்குத் தெரியாது. 1963 ஜூலை 1ஆம் தேதிதான் துறைமுகத்துக்கென்று தனி ஆணையம் வந்தது. 1972ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது, 1973ல் கொள்கலன் முனையம் வந்தது. கொள்கலனும் லாரியும் சேர்ந்து ரயிலின் பங்கைக் குறைத்துவிட்டன. 1995ல் மின்சாரக் கொம்யூட்டர் ரயில் வந்து பழைய பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஈயத்துக்காகப் போட்ட பாதையில் இன்று வேலைக்குப் போகிறவர்கள் போகிறார்கள்.

இடுபணிக்கு ஒரு யோசனை, தம்பி. ரயில், கப்பல் படங்களை ஒட்டிப் பக்கத்தை நிரப்பாதீர்கள், எல்லாரும் அதையே செய்வார்கள். கடல் இறங்கும் நேரம் பார்த்து நம் கரையோரத்துக் கதவு ஒன்றில் போய் நில்லுங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகா, ஜே.பி.எஸ். என்கிறோமே, 1932ல் தொடங்கியது, அதற்கு முன் தோட்டங்களே கரை கட்டிக்கொண்டன. எந்தக் கதவு யார் கட்டியது என்று அங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அப்புறம் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. கிள்ளான், 1901, 1902 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எழுத்து பழைய ஆங்கிலக் கையெழுத்து, முதல் நாள் கண் வலிக்கும். அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள், பேனா அனுமதிக்காவிட்டால் எழுத இரண்டு பென்சிலும்.